வௌவால் மரத்துச் சோறு

சாரோம் தன் வீட்டுப் பனைமரங்களில் காய்ந்த ஓலைகளைக் கட்டி வௌவால்களைக் குடிவைத்திருந்தாள். கீழே கட்டிய வலையில் விழும் எச்சம் எருவாக விலைபோனது. வௌவாலிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றுகிறதா என்று பார்க்க, தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் மாதாமாதம் வந்து எச்சத்தையும் அவள் குடும்பத்தின் ரத்தத்தையும் எடுத்துப் போனார்கள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வாசலையே மிதிப்பார்கள். அந்த உடுப்பைப் பார்த்தே ஊர் ஒதுங்கியது. மகள் லீதாவைப் பெண் கேட்டவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

"தம்பி, எங்க ரத்தத்துல ஏதாவது இருக்கா?" என்று ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவனான விரக்கைச் சாரோம் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்கு."

"அப்ப அந்த உடுப்பக் கழட்டிட்டு என் வாசல்ல உக்காந்து சாப்பிடு. நான் சொன்னா எவன் நம்புறான்? நீ சாப்பிடுறத நாலு பேரு பாக்கட்டும்."

எதிர்வீட்டு பெத் வேலியோரம் நின்று சிரித்தாள். "என்ன சாரோம், வௌவால் குழம்பா?"

விரக் நெளிந்தான். "நேரமாச்சுக்கா. கட்டிக் குடுங்க, வண்டியில சாப்பிட்டுக்கிறோம்."

சாரோம் சோற்றையும் பொரித்த மீனையும் வாழையிலையில் கட்டி, பெத் பார்க்கும்படியே கொடுத்தாள்.

சாயங்காலம் பெத் அந்தப் பொட்டலத்தைக் குச்சி நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். முடிச்சுகூட அவிழவில்லை.

"பாலத்துக்கிட்ட கெடந்துச்சு. லீதாவப் பொண்ணு கேட்டாங்களே, அந்த மாப்பிள்ளையோட அம்மாதான் மொதல்ல பாத்தா."

சாரோம் மகளைக் கூப்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, இருவருமாக வாசலிலேயே உட்கார்ந்து தின்றார்கள். மீன் நன்றாகத்தான் இருந்தது.