குடிக்க உதவாத தண்ணீர்

ஊரில் எத்தனையோ பேர் கட்டடம் கட்டுகிறார்கள். செங்கல் வந்து இறங்குகிறது, கம்பி வந்து இறங்குகிறது. அதுக்கெல்லாம் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று எவனாவது கேட்டிருக்கிறானா? அதைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருத்தி இருந்தாள், பெயர் இசைவாணி. கேட்டுத் தொலைத்துவிட்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் கதை.

இலுப்பூர் போகும் வழியில் ஒரு பெரிய பெண்கள் விடுதி கட்டப் போகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடம் என்றால், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னாலேயே சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தூசியை எப்படி அடக்குவது, சத்தத்தை எப்படிக் குறைப்பது, மேல்மண்ணை எங்கே குவிப்பது, வேலையாட்களுக்குக் கழிப்பறை எங்கே என்று ஒன்றுவிடாமல் அதில் இருக்க வேண்டும். புதுக்கோட்டையில் ரகுநாத் சாரின் சின்ன அலுவலகத்தில் அதை எழுதுகிறவள் இசைவாணிதான். பதினோரு பனைமரத்தைக் காப்பாற்ற காம்பவுண்டுச் சுவரையே வளைத்துக் கட்டச் சொல்லி எழுதிவிட்டாள், மகராசி. எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது. ‘தண்ணீர்’ என்ற பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

காரணம் அவள் புருஷன் ஜஸ்டின்.

கல்யாணமாகி நாலு வருஷம். அதில் மூன்று வருஷம் அவன் கத்தாரில், இவள் போனில். போன வருஷம்தான், போதுமடா சாமி என்று திரும்பி வந்து ஒரு டேங்கர் லாரி வாங்கினான். முன்கண்ணாடிக்கு மேலே அந்தோணியார் படம். சனிக்கிழமை தவறாமல் லாரியைக் குளிப்பாட்டுவான். பெற்ற பிள்ளையை யாரும் அப்படித் தேய்த்துவிட மாட்டார்கள். கோயில் திருவிழா அசனத்துக்கு, ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அந்தச் சாப்பாட்டுக்கு, குடிதண்ணீர் அவன் வண்டியில்தான் வரும். அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

பெருமை இருந்து என்ன செய்ய? நிலையாக வேலை இல்லை. மறுபடியும் கத்தாருக்கே ஒரு விசா வந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட திருச்சி ஏஜென்ட், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டான். விடுதி வேலைக்கு இரண்டு வருஷம் தண்ணீர் அடிக்கும் வாய்ப்புக் கிடைத்தால் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இசைவாணி நினைத்தால் அந்தப் பக்கத்தில் ஒரே வரி எழுதிவிடலாம்: ‘அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து டேங்கர் மூலம்.’ புருஷன் வீட்டோடு இருப்பான்.

எழுதியிருப்பாள். செவ்வாய்க்கிழமை அங்கே இருந்த குடிதண்ணீர்க் கிணற்றை எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

கட்டடம் வரப்போகும் இடத்தைச் சுற்றி இருக்கும் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பதும் அவள் வேலைதான். பத்து நாளைக்கு முன் அளந்த அதே குடிதண்ணீர்க் கிணற்றில் டேப்பை இறக்கினாள். ஐந்து அடி கீழே போயிருந்தது. இதென்னடா கூத்து என்று மறுபடியும் இறக்கினாள். அதே ஐந்து அடி.

“டேப்பு என்னத்துக்கு ஆத்தா? இந்தா, எங் கயித்தப் பாரு” என்றாள் தண்ணீர் இறைக்க வந்த பிச்சையம்மாள். பழைய கயிற்றின் நுனியில் நீல நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. “மூணு முழம் ஒட்டுப் போட்டிருக்கேன். ஒரு வாரமா ஒரு டேங்கரு வந்து பக்கத்து போர்ல உறிஞ்சிக்கிட்டுப் போகுது. விடுதி கட்டுறதுக்கு வெள்ளோட்டம் பாக்குறாகளாம்.”

“யாரு வண்டிங்க?”

“பேரு தெரியல. முன்னாடி அந்தோணியாரு இருக்காரு. ஓட்டுற தம்பிய குத்தம் சொல்ல மாட்டேன், தங்கமான புள்ள. போகும்போது எங்க ஆட்டுத் தொட்டிய ரொப்பிட்டுத்தான் போவும்.”

இசைவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆட்டுத் தொட்டியை நிரப்பினானாம்! அவனைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

வீட்டுக்கு வந்தால் மீன்குழம்பு வாசனை. கத்தாரில் படித்து வந்த ஒரே நல்ல பழக்கம் அவனுக்குச் சமையல். “வா வாணி, கையக் கழுவு. நம்ம வண்டிய எழுதிட்டியா?” என்று முகமெல்லாம் மலர்ந்து கேட்டான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். பிறகு அந்த நீலக் கயிற்றைச் சொன்னாள்.

அவன் முகம் செத்துப் போயிற்று. “நெசமாவா? அஞ்சாறு லோடுதானே அடிச்சேன்.”

“அஞ்சாறு லோடுக்கே மூணு முழம். அங்கிட்டு தெனமும் எட்டு லோடு வேணுங்க, ரெண்டு வருசத்துக்கு.”

“அப்ப நான் கத்தாருக்கே போயிரவா?”

“போகாதீங்க” என்றாள் பட்டென்று. “நீங்க இல்லாம எனக்கு இங்க இருப்புக் கொள்ளாது. ஆனா அந்த அம்மா கயிறும் நீளக் கூடாது. வேற வழி இருக்கு. டவுன் சாக்கடைத் தண்ணியச் சுத்திகரிச்சு வெளிய விடுறாகள்ல, அது கட்டடத்துக்கு ஆகும்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. அதை எடுத்துட்டு வந்தா...”

“கக்கூஸ் தண்ணியவா? என் வண்டியிலயா?” அவன் எழுந்த வேகத்தில் தட்டு உருண்டது. “ஒருக்கா அதை ஏத்துனா அப்புறம் அசனத்துக்கு எவன்டி என் வண்டித் தண்ணியக் குடிப்பான்?”

உள்ளேயிருந்து மாமியார் அடைக்கலமேரி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “அந்தோணியாரே! ஒம்ம தலைக்குப் பின்னாடி இந்தக் கண்றாவியா?” கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை எழுதினாள். சுத்திகரிக்கப்பட்ட நீர் மட்டுமே பயன்படுத்தப்படும். கொண்டுவரும் டேங்கரில் ‘சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர், குடிக்க உதவாது’ என்று கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். அந்த வண்டியில் குடிதண்ணீர் ஏற்றக் கூடாது.

படித்த ரகுநாத் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லாத்தான் இருக்கும்மா. யாரு கொண்டாருவா? டேங்கர்காரர் ஒருத்தரோட ஒப்புதல் கடிதம் இல்லாம இந்தப் பக்கம் வெறும் பேச்சு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வாங்கிக் குடு. இல்லேன்னா போர் தண்ணின்னு மாத்திருவேன், எனக்கு வேற வழியில்ல.”

டேங்கர் வைத்திருக்கும் மூன்று பேரைப் போனில் பிடித்தாள். திருமயத்துக்காரர் சிரித்தே விட்டார். இன்னொருவர், “ஒங்க வீட்டுக்காரரே செய்ய மாட்டேங்குறாரு, எங்கிட்ட வாரீங்களேம்மா” என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டேங்கரில் எழுத வேண்டிய வரி உட்பட, சேதி அதற்குள் மாவட்டமெல்லாம் சுற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜஸ்டின் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

“திருச்சிக்குப் போறேன். ஏஜென்ட்டப் பாக்கணும்” என்றான். அவ்வளவுதான்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள். அவன் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். தன் கையாலேயே புருஷனை விமானம் ஏற்றிவிட்டோமே என்று நினைத்தாள். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருத்தத் தோன்றவில்லை. அவளும் அப்படியொரு அழுத்தக்காரி.

நாலரை மணிக்கு ரகுநாத் சார் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். அப்போது கீழே ஒரு ஹார்ன். நீளமாக, மானத்தை வாங்குகிற மாதிரி ஒரு ஹார்ன். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

ஜன்னலுக்கு ஓடினாள். அந்தோணியார் இருந்த இடத்திலேயே இருந்தார். டேங்கரின் வயிற்றில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, ஈரம் காயாத பச்சைப் பெயின்டில், அவள் எழுதிய அதே வரி: சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர், குடிக்க உதவாது.

படியேறி வந்த ஜஸ்டினின் வெளுத்த சட்டையிலும் பச்சை. ஒப்புதல் கடிதத்தை ரகுநாத் சார் மேசையில் வைத்தான்.

“பொண்டாட்டி எழுதுற திட்டத்துக்குப் புருஷன் கடிதமாய்யா?” என்றார் அவர்.

“வேற எவனும் வர மாட்டேங்குறானே சார். வந்தா நான் வெலகிக்கிறேன். எழுதிக்கங்க.”

சார் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை அப்படியே வைத்தார். இசைவாணி அவனை ஓரமாக இழுத்தாள். “அசனம்?”

“சவரியப்பன் மாமா தன்னோட தண்ணி வண்டிய அனுப்புறேன்னுட்டாரு. நான் இந்தத் தடவ சோறு பரிமாறுறேன்.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“அந்தோணியாரக் கழட்டிரவான்னு கேட்டேன். ‘இருக்கட்டும்டா, காணாமப் போனதையெல்லாம் தேடிக் குடுக்குறவரு, எம்புள்ளையத் தேடிக் குடுத்திருக்காரு, சாக்கடை அவர என்ன பண்ணும்’னுச்சு.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “நேத்து அந்தக் கெணத்துப் பக்கம் போனேன் வாணி. அந்த அம்மா என்னையப் பாத்து, ‘வா தம்பி’ன்னு மோர் குடுத்துச்சு. அந்த நீலக் கயித்தப் பாத்தேன். மோர் எறங்கல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பச்சை விரல்ரேகை பதிந்த பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“ஏஜென்ட்டுகிட்ட சண்டை போட்டுத் திருப்பி வாங்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாத எடமாப் பாத்து இதை வச்சிரு.”