காற்றைப் பார்க்காத சத்தம்

கலைமணி வாசிக்கும் மாண்டலினின் சத்தம் இரண்டே முக்கால் அடி போய்த் தரையில் விழுந்துவிடும். வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மனை அளக்க வந்த சர்வேயர் ஒருவர் வேலை முடிந்த கையோடு டேப்பை நீட்டி இதையும் அளந்து, மழைக்காலத்தில் அரை அங்குலம் குறையலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த எல்லைக்குள் காதை வைத்தால் எட்டுக் கம்பியும் கணீரென்று கேட்கும். ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் அவள் விரல் அசைவது மட்டும்தான் தெரியும். விழுந்த சத்தம் என்ன ஆனது என்று யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. அவள் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கோழிகள் எதையோ கொத்திக்கொண்டிருக்கும். மற்ற வீட்டுக் கோழிகளைவிட அவை கொஞ்சம் பருமனாகவும் இருந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ராசிபுரம் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் கீபோர்டுக்கு மாறியபோது ஒதுக்கிப்போட்ட மாண்டலின் அங்கேதான் அவள் கைக்கு வந்தது. செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழகினாள். மில் இரைச்சலில் சத்தம் விழுவதை யாரும் கவனிக்கவில்லை. தனபாலைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. தனபாலுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மரவள்ளிக் காட்டிலிருந்து வந்ததும் அவள் முழங்கால் அருகே தலை வைத்துப் படுத்துக்கொள்வான். அவள் சொந்தமாகக் கட்டிய மெட்டுகளை வாசிப்பாள். வேறு யாராவது கேட்க வந்தால் அவன் எழுந்து இடம் விடவேண்டும். பத்து வருடத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் அவளைக் கேட்டது கிடையாது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் வைத்து முடித்த மதியம், ஊர்க்காரர்கள் அவளை மேடையேற்றினார்கள். அடிவாரத்திலிருந்து வந்திருந்த இன்னிசைக் குழுவின் தலைவர் சுதாகர் மாண்டலினுக்கு முன்னால் மைக்கை வைத்தார். மைக் சத்தத்தைப் பிடித்தது. ஸ்பீக்கர் பாக்ஸ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. பாக்ஸை விட்டு வெளியே வந்த சத்தம், சரியாக இரண்டே முக்கால் அடி வந்து தரையில் விழுந்தது. பாக்ஸுக்குக் கீழே படுத்திருந்த ஒரு நாய் மட்டும் ஆறு நிமிடம் வாலை ஆட்டிக் கேட்டது. மற்ற நானூறு பேரும் ஒரு பெண் சும்மா விரலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். முடித்ததும் சுதாகர் மைக்கை வாங்கி, “அம்மிணி நல்லாத்தான் வாசிச்சாங்க, நம்ம காதுதானுங்க சரியில்ல” என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எந்த இடத்திலும் விழவில்லை. பலாத்தோப்பு வரை போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. கலைமணி அதன் பிறகு நான்கு மாதம் மாண்டலினைத் தொடவில்லை. கோழிகள் மெலிந்தன.

மலைமேல் பஸ் நிற்கும் செம்மேட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவள் அம்சவேணி. மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் காதை வைத்தே கோளாறு சொல்லுவாள். கருகிப்போன மிக்ஸியைக் கொண்டுவந்த கலைமணியிடம் அவள் மிக்ஸியைப் பற்றிக் கேட்கவில்லை.

“பாக்ஸ்ல இருந்தும் அதே தூரத்துலதான் விழுந்துச்சா?”

“ஆமாங்கக்கா. அளந்து வச்சாப்புல.”

அம்சவேணி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “அப்ப கோளாறு மாண்டலின்ல இல்ல கண்ணு. அந்தச் சத்தம் வெளிய வந்து காத்தப் பாத்ததும் பயந்து விழுந்துருது. மைக் புடிக்கறது, ஏற்கனவே காத்தப் பாத்துட்ட சத்தத்த. விழுந்து பழகுனது எங்க போனாலும் விழத்தான் செய்யும். காத்தையே காட்டாம, மரத்துல இருந்து நேரா ஒயருக்குள்ள எடுத்துட்டா?”

மரத்தின் அதிர்வை நேராகப் பிடிக்கும் பிக்கப் சேலத்திலிருந்து வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் மெல்லிய பித்தளைத் தகடு. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர் முனையில் கேபிள் சொருகும் ஜாக். இதை உள்ளே வைக்க மாண்டலினின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடவேண்டும் என்று கேட்டதும் தனபால் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“மரம் வெடிச்சுப் போச்சுன்னா என்ன பண்ணுவ? உள்ளதும் போயிரும்.”

“போனாப் போவுதுங்க.”

“எல்லார்த்துக்கும் கேட்டுட்டா அப்புறம் எனக்கு என்ன புள்ள இருக்குது?” என்று அவன் கேட்டபோதுதான், அவன் பயம் மரத்தைப் பற்றியது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அவன் தலையில் கை வைத்தாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு மாண்டலினைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் அவன்தான்.

கடையில் அம்சவேணி எட்டுக் கம்பிகளையும் தளர்த்தினாள். கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை பசையில்லாமல் சும்மா நிற்பது என்பதால், அது நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு எடுத்து வைத்தாள். டிரில்லை மின்சாரத்தில் ஓட்டாமல் கையாலேயே திருகினாள். மாண்டலினை மடியில் வைத்துப் பிடித்திருந்த கலைமணிக்கு ஒவ்வொரு திருகும் விலா எலும்பில் தெரிந்தது. மரத்தூள் சுருள் சுருளாக உதிர்ந்தது. பாதியில் ஒரு ‘டிக்’ சத்தம் கேட்டது. திருகுவது நின்றது. அம்சவேணி குனிந்து பார்த்து, “மரம் இல்ல, வார்னிஷ்தான்” என்றாள். தனபால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான்.

அடுத்த வேலை தகட்டுக்கு இடம் பார்ப்பது. முன்பலகையில் விரலால் தட்டித் தட்டி, குதிரையின் மெல்லிய கம்பிப் பக்கத்துக் காலுக்கு நேர் கீழே என்று முடிவு செய்தாள். பொட்டு வைக்கும் சின்னக் கண்ணாடியையும் செல்போன் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு, முன்பலகையின் வாய்த் துளை வழியாக இரண்டு விரலை மட்டும் விட்டு, தகட்டைத் தேன்மெழுகால் உள்ளே ஒட்டினாள். பிறகு அடி ஓட்டை வழியாக மோட்டார் காயில் கம்பி ஒன்றை உள்ளே விட்டு வாய்த் துளையில் வெளியே எடுத்தாள். அதன் முனையில் ஜாக்கைக் கட்டி, கிணற்றில் விழுந்த வாளியை இழுப்பது போல மெல்ல இழுத்தாள். மூன்று முறை உள்ளே சிக்கியது. நான்காவது முறை ஜாக் ஓட்டையில் தலையை நீட்டியது. நட்டைப் போட்டு இறுக்கினாள்.

கேபிளைச் சொருகியதும் ஆம்ப்ளிஃபயர் ‘ங்ங்’ என்று இரைந்தது. ஒயரின் பற்றவைப்பு சரியில்லை என்று ஜாக்கை மறுபடி கழற்றி, ஈயம் வைத்து, மறுபடி இழுத்துப் பூட்டினாள். இரைச்சல் நின்றது.

“தட்டு கண்ணு.”

கலைமணி ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். சத்தம் பாக்ஸை விட்டு வெளியே வந்தது. இரண்டே முக்கால் அடியைத் தாண்டியது. மேசையைத் தாண்டியது, வாசற்படியில் கொஞ்சம் நின்றது, பிறகு ரோட்டில் இறங்கி நடந்தது. எதிரே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அது காற்றைப் பற்றி எதுவும் தெரியாத சத்தம். அதனால் விழவும் தெரியவில்லை, பறக்கவும் தெரியவில்லை. ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. கலைமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனபால் கேபிளைப் பிடுங்கிவிட்டு, “இப்ப வாசி” என்றான். வாசித்தாள். பழையபடி இரண்டே முக்கால் அடியில் விழுந்தது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, “அப்பச் சரி” என்றான்.

அடுத்த வருடத் திருவிழாவில் சுதாகர் மைக்கை நீட்டினார். “வேண்டாமுங்க, ஒயரு போதும்” என்றாள் கலைமணி. முதல் வரிசை கேட்டு முடித்துத் தலையாட்டிய பிறகு பாட்டு இரண்டாம் வரிசைக்கு வந்தது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வரிசை எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற சுதாகரிடம் கடைசியாக வந்தது. அவர் முழுவதும் கேட்டார். பிறகு தன் கீபோர்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்னொன்று வாசிக்கச் சொன்னார்.

அன்றைக்கு வாசித்தது மறுநாள் காலை பெரக்கரை நாட்டுக்கும், அதற்கு அடுத்த நாள் பைல் நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மழை பெய்தால் ஏதாவது டீக்கடையில் ஒதுங்கி நின்று தாமதமாக வரும். நின்ற இடத்தில் நின்றால் ஆறு நிமிடம் கேட்கும். பிறகு அடுத்த ஊருக்குப் போய்விடும். இரண்டு வருடத்தில் மலை முழுக்க இது பழகிவிட்டது. பெரக்கரையில் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் வளப்பூருக்கு வியாழக்கிழமையே வாசிக்கச் சொல்லி போன் வரும். ஒரு முறை மண் சரிந்து ரோடு அடைத்தபோது பெரக்கரையில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பாட்டு சேறும் சகதியுமாக வந்து சேர்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கொட்டியது.

போன மாசியில் கலைமணியும் தனபாலும் புதுக் கம்பி வாங்க நாமக்கல்லுக்குக் கிளம்பினார்கள். இறக்கத்தில், நாற்பத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் எதையோ கடந்தது. ஓட்டுநர் குழந்தைசாமி கண்ணாடியில் பார்த்துவிட்டு, வளைவின் அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார்.

“உங்க பாட்டுங்கம்மா. முந்தாநேத்து வாசிச்சதாட்ட இருக்குது. கேட்டுட்டுப் போலாமுங்களா?”

பஸ்ஸில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டு பின்பக்க ஜன்னல் வழியாக ஏறி, இருக்கை இருக்கையாக முன்னால் வந்தது. கலைமணி ஒருநாளும் தன் வாசிப்பைத் தள்ளி உட்கார்ந்து கேட்டதில்லை. வாசிக்கும்போது அவளுக்கு விரல்தான் தெரியும், அடுத்த இடம்தான் தெரியும். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தி வாசிப்பதைக் கேட்பது போலக் கேட்டாள். ஆறு நிமிடத்தில் பாட்டு முன்படி வழியாக இறங்கி வளைவைத் திரும்பியது.

“எப்படி இருந்துச்சு?” என்றான் தனபால்.

அவள் யோசித்தாள். “ரெண்டாவது எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. மத்தபடி நல்லாத்தான் வாசிக்கறா.”

குழந்தைசாமி வண்டியைக் கிளப்பி, நாற்பத்து இரண்டாவது வளைவில் ஒரு முறை ஹாரன் அடித்தார். பாட்டு இடது ஓரமாக ஒதுங்கி வழி விட்டது.