இரண்டு கதவுக் கல்யாணக் கார்

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் பட அல்பத்திலிருந்து எடுத்தேன். மாதா கோயில் வாசலில் இரண்டு கதவுக் கார், பின்கண்ணாடிக்குள் மணப்பெண், முன் இருக்கையில் அவள் அப்பா, இறங்காமல். ஏன் இறங்கவில்லை என்று அல்பத்தின் சொந்தக்காரியிடம் கேட்க மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு நன்றி.

2

முதல் தொடக்கம்: 'ஸ்காபரோ, 1994. மே மாத வெயிலில் செலீனின் கண்கள்...'

வேண்டாம். என் கதாநாயகிகளின் கண்களைப் பற்றி நிறையவே எழுதிவிட்டேன். காரிலிருந்து தொடங்குகிறேன்.

தண்டர்பேர்ட் 1955இல் ஒரே வரிசை இருக்கையோடு வந்தது. மூன்று வருடத்தில் பின்னாலும் இருக்கை வைத்தார்கள், கதவு வைக்கவில்லை. நீண்ட மூக்கு, நீண்ட கதவு, தாழ்ந்த கூரை: அழகே அதில்தான். (அறுபதுகளின் இறுதியில் நாலு கதவோடும் செய்தார்கள். என் கதைக்கு உதவாது, விடுங்கள்.) பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால், முன்னால் இருப்பவர் முதலில் இறங்கி இருக்கையைச் சாய்க்க வேண்டும்.

செலீனின் அண்ணன் றொய்சன் மிசிசாகாவில் வாங்கிய எண்பத்தொன்பதாம் வருடத்துத் தண்டர்பேர்ட்தான் கல்யாணக் கார். சேலையும் தலையில் நெட்டு முக்காடுமாக அவளைப் பின்னால் ஏற்றவே மல்வேர்னில் வீட்டு வாசலில் கால்மணி நேரம் போயிற்று.

"உது காரோ, பெட்டியோ?" என்றாள் செலீன்.

"எடி, இது ஸ்போட்ஸ் கார். வாயை மூடிக்கொண்டு நெட்டை உள்ளுக்கு இழு."

3

மாப்பிள்ளை பஸ்ரியனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். கதை மிகவும் சுலபமாகிவிட்டது, அடித்துவிட்டேன். நல்லவன்தான். பெரியவர்கள் தொலைபேசியில் பேசி முடித்த சம்பந்தம். செலீனுக்குச் சம்மதம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

கோயில் வாசலில் கார் நின்றது. அப்பா அன்புராசா அசையவில்லை.

"அப்பா, இறங்குங்கோ. சுவாமி பாத்துக்கொண்டு நிக்கிறார்," என்றான் றொய்சன், வாசலில் நின்ற பாதிரியாரைக் காட்டி.

"நிக்கட்டும்." திரும்பாமலே மகளிடம் கேட்டார்: "பிள்ளை, உனக்கு இது விருப்பமோ? நான் உன்னட்டைக் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்."

"இப்பவோ கேக்கிறது? முந்நூறு பேருக்குச் சாப்பாடு ஓடர் பண்ணியாச்சு!" என்று பாய்ந்தான் றொய்சன்.

"நீ சும்மா இரடா. விருப்பமில்லாட்டிச் சொல்லு, அம்மா. இப்பிடியே வீட்டை போவம். ஆர் கேட்டாலும் நான் பதில் சொல்லுறன்."

(இந்த இடத்தில் அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க முயன்றேன். மறுத்துவிட்டார். தன் முகத்தைப் பார்த்தால் மகள் தனக்காகவே 'ஓம்' என்றுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் செலீன் இறங்கினாள். மற்றதில் கார் மல்வேர்னுக்குத் திரும்பி... இரண்டையும் கிழித்தேன். இத்தனை நாள் கழித்து ஒருவர் அவளைக் கேட்கும்போது, நான் குறுக்கே புகுந்து பதில் சொல்வது நியாயமா?

அவள் முன்னே குனிந்து அப்பாவின் தோளில் கைவைத்தாள். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

"கேட்டீங்களே அப்பா, அது பெரிய காரியம். இனி நான் என்ன சொன்னாலும் அது என்ர சொல்லு."

பிறகு தன் பதிலைச் சொன்னாள்.

"அப்ப எஞ்சினை நிப்பாட்டவோ, ஓட விடவோ?" என்றான் அவசரத்தில் காதில் சரியாக வாங்காத றொய்சன்.

அவனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.