உதாரணப் பிள்ளை

"ஒரு பெண் குழந்தை. நாலு வயசு. பேர் வேண்டாம்," என்று அப்பா ஒலிபெருக்கியில் சொன்னதுமே அது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனநல மருத்துவரான அவர் ஓய்வு பெறும் விழா. முதல் வரிசையில் அம்மா. பக்கத்தில் இவள், வேலையிலிருந்து நேராக வந்ததால் சீருடையோடு. பேர் வேண்டாமாம். டாக்டருக்கு ஒரே மகள் என்பது அந்த அரங்கத்தில் யாருக்குத் தெரியாது?

அப்பா அழகாகப் பேசினார். அந்தக் குழந்தைக்குத் தம்பி பிறந்தானாம். அம்மாவின் மடி பறிபோனதாம். பொறாமையில் தம்பியின் விரலைக் கடித்தாளாம். கூட்டம் சிரித்தது. ஆறு மாதத்தில் காய்ச்சல் கண்டு தம்பி இறந்துபோனான்.

"அவன் போகணும்னு நெனைச்சேன், போயிட்டான். குழந்தை மனசு அப்படித்தான் கணக்குப் போடும். அந்தக் குற்ற உணர்ச்சி அடியில போய் உக்காந்துக்கும். ஆளுமைங்கறதே அப்படி அடியில உக்காந்ததுதான். அந்தப் பொண்ணு இப்ப ஆம்புலன்ஸ் ஓட்டறா. ஒவ்வொரு தடவையும் தன் தம்பியைத்தான் காப்பாத்தப் போறா."

தலைகள் அவள் சீருடையை நோக்கித் திரும்பின.

அவளுக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். அதனால் அந்த வேலைக்குப் போனாள். நேற்று நாலாவது மாடியிலிருந்து ஒரு பெரியவரை இடுப்பொடிய இறக்கினாள். "மெதுவாம்மா, நான் ஒண்ணும் ஓடிப்போயிட மாட்டேன்" என்று அந்த வலியிலும் கிண்டலடித்தார். அந்த மனுஷனையும் அப்பா ஒரு வாக்கியத்தில் செத்த குழந்தையாக்கிவிட்டார்.

தம்பி போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இவளை யாரும் கவனிக்கவில்லை. அப்பா மட்டும் எதிரில் வந்து உட்கார்ந்து வண்ணக் குச்சிகளைக் கொடுத்து, தம்பியை வரையச் சொன்னார். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். "முதல்ல வரை," என்றார். பதினைந்து வயதில் கதவை அறைந்து சாத்தியதற்கும், பெண் பார்க்க வந்தவனை வேண்டாம் என்றதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அந்த வீட்டில் அவளால் வெறுமனே கோபப்படக்கூட முடிந்ததில்லை.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"அந்தப் பிள்ளை தூக்கச் சொல்லிக் கைய நீட்டுச்சே, அப்ப டாக்டர் என்ன செஞ்சார்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புன்னகைத்தார். நோயாளிகளுக்கென்று வைத்திருக்கும் புன்னகை அது.

"இந்தக் கோபம் என் மேல இல்லம்மா. அந்த இழப்பு மேல."

"உங்க மேலதாம்ப்பா."

"பாத்தீங்களா," என்று அவர் கூட்டத்தைப் பார்த்தார். "மறுக்கறதும் ஒரு அறிகுறிதான்."

கைதட்டல் எழுந்தது. ஆமாம் என்றாலும் அவர் சொன்னது சரி. இல்லை என்றால் இன்னும் சரி. ஒலிவாங்கியை இருக்கையில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

காரின் கதவைத் திறக்கும்போது பின்னால் மூச்சிரைத்தது. அம்மா.

"நீ கடிக்கல," என்றாள். "உனக்கு முத்தம் குடுக்கத் தெரியாது. அவன் விரல வாயில வச்சுக்குவ. அவனும் சிரிப்பான்."

"இதை இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"அவன் போனப்ப நான் அழுததுக்கும் உங்கப்பா ஒரு பேர் வச்சிருந்தார். அதுக்கப்புறம் அந்த வீட்ல நான் எதையும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் என்ன பாவம் பண்ணேன்?"

அம்மா சுற்றி வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இவளும் ஏறி, சாவியில் கை வைத்தாள். அரங்கத்தின் படிக்கட்டில் அப்பா பூங்கொத்தோடு நின்றிருந்தார். கைகுலுக்குகிறவர்களின் தலைகளுக்கு மேலே காரைத் தேடினார். கண்டதும் நிற்கச் சொல்லிக் கையை உயர்த்தினார். அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டு, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழத் தொடங்கினாள். கண்ணாடியில் மெல்ல ஆவி படர்ந்து, படிக்கட்டும் பூங்கொத்தும் அந்தக் கையும் மங்கிக்கொண்டே போயின.