மீனாள் ஆச்சி சொன்னால் சொன்னதுதான்

வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தால் பள்ளத்தூர் மீனாள் ஆச்சி காரைக்குடிக்குப் போய் முதல் காட்சியிலேயே உட்கார்ந்துவிடுவாள். படம் முடிந்து பஸ் ஏறுவதற்குள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் வந்து விழும். போன வாரத்து அடிதடிப் படத்துக்கு, "அவுக அடிச்ச அடியில எனக்குக் கை வலிக்குது, பேசாம வீட்லயே இருங்க" என்றாள். அதற்கு முந்தின பேய்ப் படத்துக்கு, "பேயைத் தவிர ஒருத்தருக்கும் நடிக்க வரலை." அவ்வளவுதான் விமர்சனம். துபாயில் இருப்பவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். சொன்னதை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை என்பதில் ஆச்சிக்கு அப்படியொரு கர்வம்.

இந்த வெள்ளி வந்தது, மகள் சௌபர்ணிகா வசனம் எழுதிய முதல் படம். சென்னையிலிருந்து கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஆத்தா, நான் எழுதுனதுன்னு யார்ட்டயும் மூச்சு விடப்படாது. மத்த படத்துக்குச் சொல்ற மாதிரியே சொல்லு. நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் நம்புவேன்."

திரையில் மகள் பெயர் வந்தபோது ஆச்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இடைவேளையில் காபி வாங்கப் போனவளுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! "தங்கச்சாமி, வசனம் யாருன்னு பார்த்தீகளா? எம் மக!" கேண்டீன்காரர் வாயைப் பிளந்தார். அவ்வளவுதான், பள்ளிக்கூடத்தில் மகள் வாங்கிய கட்டுரைப் பரிசு வரைக்கும் பேச்சு போயிற்று. ஆச்சி உள்ளே வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது.

எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பையன் ஒருவன் "அப்பச்சி, அப்பச்சி" என்று சுற்றிவந்தான். ஆச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா. தாத்தாவுக்கு ஐயா. வெளியூர்க்காரர்கள் எடுக்கும் செட்டிநாட்டுப் படமெல்லாம் இங்கேதான் வழுக்கி விழும். இந்த மண்ணில் பிறந்த பெண்ணுமா விழ வேண்டும்?

மகளென்று பார்த்தால் தன் வாக்கு என்னாவது? பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பேசி அனுப்பினாள். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐயாவைப் போயி அப்பச்சிங்குது புள்ள. எழுதுன ஆளு நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல போலருக்கு." அனுப்பிய கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உடனே போன் அடித்தது. சௌபர்ணிகாதான்.

"ஆத்தா, அந்தப் பையனை அவரு பிள்ளை கூட்டிக்கிறாரே, பார்க்கலையா?"

வாரிசில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனைச் சுவீகாரம் எடுப்பது ஆச்சிக்குத் தெரியாத வழக்கமா? பிள்ளை கூட்டிவிட்டால் அவர்தானே அப்பா! "அது எப்பத்தா வந்துச்சு?" என்றாள், ஈனசுரத்தில்.

"இடைவேளை முடிஞ்ச உடனே. வயசானவரு, தாத்தான்னே எழுதுன்னாரு டைரக்டரு. முடியவே முடியாதுன்னு சண்டை போட்டு வாங்குன வார்த்தை அது. மொத மொத அவன் கூப்பிடுறப்ப அவரு அழுவாரு. நீயும் அழுவேன்னு நெனைச்சேன்."

பள்ளத்தூர் பஸ் வந்தது. ஆச்சி ஏறவில்லை. திரும்பிப் போய் அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுத்தாள். இடைவேளையில் தங்கச்சாமி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டும் அசையவில்லை. சடங்கு முடிந்து, பையன் தயங்கித் தயங்கி, "அப்பச்சி" என்றான். கிழவர் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். ஆச்சி எதையும் மூடிக்கொள்ளவில்லை, கேவிக் கேவி அழுதாள்.

வெளியே வந்து போனை எடுத்தாள். சொன்னதை முதல் தடவையாக மாற்றிச் சொல்லப் போகிறாள். ஆனாலும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"மீனாள் பேசுறேன். மத்தியானம் நான் சொன்னது தப்பு. அந்த வார்த்தை சரிதான், அதைவிடச் சரியா யாராலயும் எழுத முடியாது. எழுதுனது எம் மக சௌபர்ணிகா. அவளைப் பத்தி வெளியில நின்னு பெருமையடிச்சுக்கிட்டு, உள்ள அவ எழுதுனதைப் பார்க்காம விட்டவ நான். எல்லாரும் போயிப் பாருங்க."