தடியில் ஒரு கோடு

இண்டியானாவின் துப்பாக்கி சுடும் மைதானத்தில், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் குறிப்பலகை நின்றது. ஆர்வில் துப்பாக்கியின் குழல்வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைத் தடியால் இடித்து இறக்கினார். தடியில் இருக்கும் கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்க வேண்டும். இன்று அது இரண்டு விரற்கடை மேலே நின்றது.

மனைவி வெர்னா அதைப் பார்த்துவிட்டாள். "மருந்த ரெண்டு தடவ கொட்டிட்ட. சுட்டா குழல் வெடிச்சிரும்."

"சும்மா இரு. எவனோ கோட்ட மாத்தி வெச்சிருக்கான்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

அவள் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கல்யாணமான வருஷம் அவரே அரத்தால் ராவிப் போட்ட கோடு அது.

ஆர்வில் பித்தளைத் தடியை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி வெர்னா, இது யாரோட தடி?"