நாலோடு நிறுத்தாத ஆபிதா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு காதல் கதை. வளைகுடா நாட்டு மனாமா நகரில் குதைபியா பேட்டை, ஒரே மாடிக் கட்டிடத்தில் எதிரெதிர் வீடுகள். இந்தப் பக்கம் சாதிக், அந்தப் பக்கம் அகிலா. வளர்ந்து, காதலித்து, இரண்டு குடும்பத்தையும் ஆட்டிவைக்க வேண்டும். முன்கதை ஒரு பத்தி போதும் என்று 2003க்குப் போனேன். அங்கே இருவரும் கைக்குழந்தைகள். சாதிக்கின் அம்மா, கீழக்கரை ஆபிதா, என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

2

"கனகாவுக்கு மூன்று நாளாகக் கடும்..." (வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.)

மறுபடியும். ஆபிதா கதவைக்கூடத் தட்டாமல் எதிர்வீட்டுக்குள் போனாள். அகிலா அழுத அழுகை அப்படி. அவள் அம்மா கனகா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள், தலைமாட்டில் பிரிக்காத மாத்திரை அட்டை. சிறுநீரகத்தில் கிருமி, உடனே மாத்திரையைத் தொடங்கு என்றிருந்தார் டாக்டர். இந்த மருந்து பாலில் இறங்கும், முடியும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடு என்றும் சொல்லியிருந்தார்.* அகிலாவோ புட்டியைக் கண்டாலே துப்பினாள். நான் விழுந்தாலும் பிள்ளை குடிக்கட்டும் என்று கனகா மாத்திரையைத் தொடவே இல்லை.

"நீ மாத்திரையப் போடு. புள்ள எங்கிட்ட குடிக்கட்டும்," என்றாள் ஆபிதா.

(* அநேகமாக எல்லா மருந்தும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பெரும்பாலானவற்றால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஒரு சிலவற்றுக்குத்தான் பயம். மாட்டுக்கு ஊசி போட்டால் அந்தப் பாலைக் கொஞ்ச நாள் கொட்டுவதும் இதனால்தான். பாடம் முடிந்தது, கதைக்கு வாருங்கள்.)

3

நாலு வேளை ஆயிற்று. கடையடைத்து வந்த ஆபிதாவின் கணவர் அகமது கபீர் அவளிடம் மெல்லப் பேச்செடுத்தார். அவர்கள் வழக்கப்படி வயிறார ஐந்து முறை குடித்துவிட்டால் அந்தக் குழந்தை பால்பிள்ளை. சாதிக்கும் அகிலாவும் அண்ணன் தங்கை. கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நாலோட நிறுத்திக்க. நாளைக்கு அவுக ஒரு ஊரு, நாம ஒரு ஊரு. இந்த ஒறவ யாரு ஞாவகம் வச்சிருப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, என் காதல் கதை! நானும் கபீர் கட்சியில் சேர்ந்தேன். அகிலா புட்டியைப் பிடித்துச் சமர்த்தாகக் குடிக்கத் தொட... (துப்பிவிட்டாள்.) பால்பவுடரை மாற்றினேன், துப்பினாள். பாலாடையில் புகட்டினேன், என் காகிதம்தான் நனைந்தது. கனகா மாத்திரையை நிறுத்துவதாக எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காதல் கதைக்காக ஒருத்தியைக் காய்ச்சலில் போடுவதா? சீ, நானும் ஒரு எழுத்தாளனா!

4

ஆபிதாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"மருந்தே பால்ல எறங்குதாம் மச்சான், ஒறவு எறங்காதா? எறங்கட்டும்."

கனகாவிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிச் சம்மதமா என்று கேட்டாள். கனகா அடுத்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டியூட்டி முடிந்து வந்து நின்ற அவள் கணவன் ஐயப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஐந்தாவது முறையும் அகிலா வயிறு முட்டக் குடித்தாள். இந்த உறவை மறைக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். ஆபிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். மலையாளி வீடு, பாகிஸ்தானி வீடு, ஒன்றையும் விடவில்லை. என் மகள், என் மகள் என்று காட்டிவிட்டு வந்தாள். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தோற்றுப்போன எனக்கே பெருமை தாங்கவில்லை.

5

மாத்திரை முடிந்தது, கனகா எழுந்துவிட்டாள். விடாமல் பீய்ச்சிக் கொட்டியதால் பால் வற்றவில்லை. அகிலா அவளிடமே திரும்பிப் போனாள்.

என்னிடம் எழுதிவைத்த காதல் வசனம் மூன்று பக்கம் மிச்சம். எனக்கு இனி எதற்கு? பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாதிக்குக்கு மீசை வையுங்கள், அகிலாவுக்கு எந்த ஊர் மாப்பிள்ளையை வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் முடிவு எழுதுமுன் ஆபிதா வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் தட்டாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

"எம் மவளுக்கு மாப்புள பாக்குறீக, என்னயக் கேட்டீகளா?" என்பாள் ஆபிதா.